சவேரியோவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதாம்

தூரின் நகராட்சி அலுவலகத்தில் ஏழாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்தான் என்னிடம் அதைச் சொன்னாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி எனக்கும் சவேரியோவுக்கும் அங்கே கல்யாணப் பதிவு. அறுபத்து மூன்று வயதில் நான் நீல நிறத்தில் உடுப்பு தைக்கக் கொடுத்திருந்தேன். சவேரியோவின் பிறப்புப் பதிவு நகல் தெற்கே அவர் ஊரிலிருந்து வந்திருந்தது. எங்கள் நாட்டில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறித்துவிடுவார்கள். அந்த ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கு எண்பத்து நாலுலயே கல்யாணம் ஆயிடுச்சேம்மா. மனைவி பேரு தொமேனிக்கா சுராச்சே. நீங்க யாரு?"

நீங்க யாரு! இருபத்து நாலு வருஷமாக அந்த மனுஷனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறவள் நான். அவருடைய சட்டைக் காலர் அளவு எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று தெரியும். 

சவேரியோ கொந்தெல்லோ எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். தெற்கே கலாப்ரியாக்காரர். பத்தொன்பது வயதில் வடக்கே தூரினுக்கு வந்து, முப்பத்தேழு வருஷம் ட்ராம் ஓட்டினார். பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். நான் சலவைக் கடை வைத்திருந்தேன். தொண்ணூற்றெட்டு நவம்பரில் பட்டன் அறுந்த சீருடைக் கோட்டோடு வந்தார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். அழுக்கே இல்லாத கோட்டை ஒருவர் வாராவாரம் வெளுக்கப் போட்டால் கடைக்காரிக்குப் புரியாதா? கிறிஸ்துமஸுக்குள் என் வீட்டு மேசையில் அவருக்கு ஒரு தட்டு நிரந்தரமாகிவிட்டது.

கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. நான் கேட்ட போதெல்லாம் "பார்க்கலாம்" வந்தது. பத்து வருஷம் கேட்டேன், பிறகு ரோஷம் வந்து விட்டுவிட்டேன். போன ஏப்ரல் மாதம் ஒரு காலையில் ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டே, "கட்டிக்கலாமா?" என்றார். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். மூன்று மாதம் கழித்து இந்த ஜன்னல்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை அவர் முன் வைத்தேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இது ஆபீஸ்காரங்க தப்பு," என்றார். "அது என் பெரியப்பா மகன். அவன் பேரும் சவேரியோதான்."

"அப்ப உன் மூஞ்சி ஏன்யா இப்படி வெளுக்குது?"

"ஊருக்குப் போய்ப் பார்க்கலாம்."

 எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தப்பு என்றால் கோபப்பட வேண்டியவர், திருடிய பிள்ளை மாதிரி ஏன் விழிக்கிறார்?

அவருடைய அக்கா நுன்சியாவும் வருவேன் என்று நின்றாள். அதே தெருவில் இருக்கும் விதவை. என்னை இதுநாள் வரை "நம்ம சவேரியோவோட சிநேகிதி" என்று ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்துகிறவள். தேதி குறித்ததும் அவள்தான். ஜூலை இருபத்தாறாம் தேதி கிளம்பினால் இருபத்தேழு காலை வேலை முடியும் என்று அடித்துச் சொன்னாள். நான் முதல் நாளே புகையிலைக் கடையில் பதினாறு யூரோ முத்திரை ஸ்டாம்ப் ஒன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அது ஒட்டாமல் இந்த நாட்டில் எந்த விண்ணப்பமும் நகராது. தெற்கே கடை திறந்திருக்கும் என்று நம்ப நான் தயாராக இல்லை.

ரயில் ஜெனோவா தாண்டுவதற்குள் நுன்சியா மடியில் துண்டை விரித்து, மக்கரோனி போட்ட முட்டை அடையையும் கத்திரிக்காய் வறுவலையும் எடுத்துவிட்டாள்.

"சாப்பிடும்மா ஓர்னெல்லா. பட்டினி கிடந்தா பதிவு மாறிடுமா?"

"நுன்சியாக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஒரே பேருல எத்தனை பேரு உங்க வீட்ல?"

"நாலு. எங்க தாத்தா பேரு சவேரியோ. அவருக்கு நாலு மகனுங்க. நாலு பேரும் மூத்த பையனுக்குத் தாத்தா பேரைத்தான் வச்சாங்க. வைக்காம இருக்க முடியுமா? மனுஷன் உசுரோட எதிர்ல உட்கார்ந்திருக்காரே!"

"சரி, நாலு பேரையும் எப்படிப் பிரிச்சுக் கூப்பிடுவீங்க?"

"அம்மா பேரைச் சேர்த்துக்குவோம். இவன் ரோசா சவேரியோ. அவன் அகாத்தா சவேரியோ. ரெண்டு பேரும் ஒரே வருஷம், ஒரு மாச வித்தியாசம்."

"பதிவேட்டுல அம்மா பேரு இருக்கும்ல?"

"இருக்கும். அதை யாரு படிச்சாங்க?"

எனக்கு மண்டை காய்ந்தது. பீசாவில் ஒரு முறை கேட்டேன். ரோமில் வண்டி அரை மணி நேரம் நின்றபோது கேட்டேன். "சவேரியோ, அந்தத் தொமேனிக்கா யாரு? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு." அவர் ஜன்னலுக்கு வெளியே சரக்குப் பெட்டிகளைப் பார்த்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். எதிர் இருக்கையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, "பேசாத புருஷன் கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

"புருஷன் இல்ல. அதுக்குத்தான் இந்தப் பயணமே," என்றேன்.

"அவ பேரு மிம்மா," என்றார் சவேரியோ திடீரென்று. "தொமேனிக்காவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அவ்வளவுதான். நேப்பிள்ஸில் வண்டி மாறி, கடல் வலப்பக்கம் வந்து, போய், மறுபடி வந்தது. அவள் செல்லப் பேர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாரே! கட்டாமல் கூடவே வாழ்ந்தவரிடம் கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் ஊரில் நகராட்சிக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. தெருவெங்கும் விளக்குத் தோரணம். பேண்டு வாத்தியம், வெடிச் சத்தம். அன்றைக்கு ஊர்க் காவல் புனிதர் பந்தலெயோன் திருநாள். அந்த ஊருக்கு மட்டும் விடுமுறை.

நான் நுன்சியா பக்கம் திரும்பினேன். அவள் தலையில் முக்காடு போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு தயாராக நின்றாள்.

"நீங்க தெரிஞ்சேதானே இந்தத் தேதியைச் சொன்னீங்க?"

"ஒன்பது வருஷமாச்சும்மா புனிதரைப் பார்த்து. ஆபீஸ் நாளைக்கும் இருக்கும், இவரு நாளைக்கு வருவாரா?"

"நல்லா இருப்பீங்க!" என்று கத்தினேன். "தம்பிக்கும் வெட்கம் இல்ல, அக்காவுக்கும் வெட்கம் இல்ல. உன் ஊர்த் திருநாள் உனக்குமா தெரியாது சவேரியோ?"

"மறந்துட்டேன்," என்றார். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

பதிவாளர் எங்கே என்று விசாரித்தேன். ஃபோர்த்துனாத்தோவா, புனிதருக்கு அடியில் என்றார்கள். நிஜமாகவே அடியில்தான் இருந்தான். இருபது பேர் சிலையைத் தோளில் சுமந்து வந்தார்கள். இடது வரிசையில் மூன்றாவதாக, வியர்வை ஒழுக, கண் மூடியபடி நடந்தான். நான் பக்கத்தில் ஓடினேன்.

"தம்பி! தூரின்லேருந்து வந்திருக்கோம். ஒரு பதிவைப் பார்க்கணும்."

"என் தோள்ல புனிதர் இருக்காரும்மா!"

"தெரியுது. எப்ப இறக்குவீங்க?"

"சதுக்கத்துல. தள்ளிப் போங்கம்மா, தாளம் தப்புது."

சதுக்கத்தில் சிலையை இறக்கியபோது, பச்சைப் பாவாடை அணிந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கி நேராகச் சவேரியோவிடம் வந்தாள். அறுபது வயதிருக்கும். அவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இவங்கதானா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமா மிம்மா, இவதான்," என்றார் சவேரியோ. "நீயே சொல்லிடு. நான் வாய் திறக்க மாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

மிம்மா என் கையைப் பிடித்து நீரூற்றுத் திட்டில் உட்கார வைத்தாள்.

"என்னைக் கட்டினவன் அகாத்தா சவேரியோ. அந்தக் காலத்துப் பதிவாளர் அதை ரோசா சவேரியோ பதிவுல குறிச்சுட்டான். யாருக்கும் தெரியல. என் புருஷன் பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போனான். அவன் பதிவுதான் சுத்தமா இருக்கே, அதைக் காட்டி அங்க இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான். ஊரு முழுக்க அவன் உழைச்சுக் கொட்டறான்னு நெனச்சுக்கிட்டிருந்துச்சு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"அப்ப இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஏதோ காரியத்துக்குப் பதிவு நகல் வாங்கினப்ப பார்த்துட்டு, தப்பைத் திருத்தணும்னு இவர் ஒரு நாள் வந்தாரு. திருத்தினா கோர்ட்டு கேஸாகி என் மானம் சந்தி சிரிக்கும். எனக்கு ரெண்டு பொண்ணு. அதுங்களுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் பொறுத்துக்க அண்ணேன்னு இவர் காலைப் பிடிச்சேன். சரின்னுட்டு அடுத்த ரயிலையே பிடிச்சுப் போயிட்டாரு. பொண்ணுங்க ரெண்டும் கரையேறிடுச்சு. அவன் பிப்ரவரில செத்துட்டான். உடனே இவருக்குப் போன் போட்டேன், இனி நீங்க கட்டிக்கங்கன்னு."

நான் சவேரியோவைப் பார்த்தேன். "ஏப்ரல்ல கேட்டது அதனாலதானா?"

"ஆமா. அவன் செத்ததும் பதிவுலேருந்தும் போயிருக்கும்னு நெனச்சேன்."

"அடப்பாவி! செத்தவன் எழுந்து வந்து அழிப்பானா?"

சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இருபது வருஷத்துக்கு மேல் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாரே! பாவம் மிம்மா, அது சரி. என் மானம் மானமில்லையா? கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்டபோது நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று இவருக்குத் தெரியாதா?

ஃபோர்த்துனாத்தோ தோள்மெத்தையைக்கூடக் கழற்றாமல் வந்து கதவைத் திறந்தான். "பத்து நிமிஷம்தான். திரும்ப நான் தூக்கப் போகணும்." இரண்டு பதிவேடுகளை விரித்தான். ரோசா சவேரியோவின் ஓரத்தில் மிம்மா. அகாத்தா சவேரியோவின் ஓரத்தில் ஒரு பெல்ஜியக்காரி. கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இது கோர்ட்டு வழியாத்தான் திருத்தணும். ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும்," என்றான். "மிம்மாக்கா சாட்சிக் கையெழுத்துப் போடணும்." ஆகஸ்ட் பன்னிரண்டு போயிற்று. நீல உடுப்பும் போயிற்று.

அவன் அலமாரியைக் கிளறி மஞ்சளாகிப்போன ஒரு கோப்பை எடுத்தான். "இதே விஷயத்துக்குப் பழைய மனு ஒண்ணு இருக்கே. அண்ணனே கொடுத்து, அண்ணனே வாபஸ் வாங்கியிருக்காரு."

வாங்கிப் பார்த்தேன். யூரோ வருவதற்கு முந்தைய இருபதாயிரம் லிரா ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. சவேரியோவின் குட்டையான கையெழுத்து. தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மார்ச் எட்டு. காரணம் என்ற இடத்தில், 'தூரினில் சலவைக் கடை நடத்தும் ஓர்னெல்லா பெர்த்தோனே அவர்களைத் திருமணம் செய்துகொள்வதற்காக' என்று எழுதியிருந்தது.

மார்ச். விரல் விட்டு எண்ணினேன். கோட்டைக் கொண்டுவந்து முழுசாக நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்த மார்ச்சில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தனியாக ரயிலேறினார். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு பெட்டி எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

"நாலு மாசத்துலயா?" என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"காகிதத்தைச் சரி பண்ணிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்," என்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

கைப்பையால் அவர் தோளில் ஒன்று போட்டேன். இன்னொன்றும் போட்டேன். அழுகை வந்து மூன்றாவதை ஓங்க முடியவில்லை. வெளியே பேண்டு மறுபடி ஆரம்பித்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த நுன்சியா, "நம்ம ஓர்னெல்லாவுக்கு யாராவது தண்ணி கொண்டாங்கப்பா" என்று சத்தம் போட்டாள்.

பையைத் திறந்து ஸ்டாம்பை எடுத்துப் புது விண்ணப்பத்தில் ஒட்டினேன். ஃபோர்த்துனாத்தோ பேனாவை எடுத்து அவசரமாகப் பேர், ஊர், தேதி எல்லாம் நிரப்பினான். பாதியில் நிமிர்ந்தான்.

"காரணம்னு ஒரு இடம் இருக்கும்மா. என்ன எழுதட்டும்?"

மஞ்சள் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இதுல இருக்கறதையே எழுதுங்க."