பலகைச் சுவருக்கு அந்தப்புறம்

எண்பதுகளில், ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றின் மாடி அறையில், ஆறு மாதம் மதிய வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு என் முதல் பாட்டுக் கேசட்டைப் பதிவு செய்தேன். மெட்டு, கித்தார், குரல் எல்லாம் நானே. அட்டையிலும் "யார் துணையுமின்றி உருவானது" என்று பெருமையாக அச்சடித்தேன்.

முதல் கேசட்டைப் பலகைச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்த அக்காவிடம் கொடுத்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர் அவர்.

"எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம் லா தம்பி," என்று சிரித்தார். "நீங்க கித்தார எடுத்தாலே நான் காத்தாடிய அடைச்சிருவேன். அந்தச் சத்தம் உங்க டேப்ல விழுந்திருமே!"

மின்விசிறி இல்லாமல் அந்தப் புழுக்கத்தில் எப்படித் தூங்கினாரோ!

அவர் அட்டையைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் அந்தக் கேசட்டைப் போட்டால், பாட்டுக்கு முன்னால் வரும் அமைதிதான் முதலில் என் காதில் விழுகிறது.