பெஞ்சு ஓரத்தில் ஆள் இருக்காங்க

சத்தியமாக நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று சட்டம் பேசுகிறவர்கள், வெயில் நேரத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு பெஞ்சு ஓரத்தைப் பார்த்துப் பயந்ததில்லை, அவ்வளவுதான். கதை கறார் சிஸ்டருடையது. பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று அவளுக்கு நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். ஒரு பொய் சொன்னாள். அதனால்தான் இந்தக் கதையே.

சண்டை நடக்கும் பக்கத்திலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடி வந்துகொண்டிருந்த நேரம். ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன பெருக்கல் கணக்கு அப்படியே இருந்தது. அதன் கீழேதான் ஆபரேஷன் மேஜை. ஒரே ஒரு டாக்டர், படிப்பு முடித்த கையோடு வந்த சின்னப் பையன். வாசலில் சிஸ்டர். வருகிறவர்களைப் பார்த்து மணிக்கட்டில் ரிப்பன் கட்டுவது அவள் வேலை. சிவப்பு என்றால் நேரே உள்ளே. மஞ்சள் என்றால் அடுத்து. பச்சை என்றால் வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பியே வந்தாலும் வரிசையை மாற்ற மாட்டாள் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தன் காலால் நடந்து வருகிறவருக்குப் பச்சை. இது விதி. விதிக்கு ஒரு மறுபாதியும் உண்டு. பச்சை கட்டியவர்களை அடிக்கடி போய்த் திரும்பவும் பார்க்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது அந்த மறுபாதி காற்றோடு போய்விடும்.

அன்று சாலையில் குண்டு விழுந்தது. லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் களேபரத்தில் ஒருத்தி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்தாள். வண்டி கவிழ்ந்ததில் லேசாக இடித்துவிட்டது என்றாள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. சிஸ்டர் பச்சையைக் கட்டித் தூண் பக்கம் கை காட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் பச்சை ரிப்பனோடு உட்கார்ந்திருந்தார், ஓடாத ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு. அவர் காத்திருந்து அலுத்து, பாதியிலேயே எழுந்து போய்விட்டார். வலி குறைந்திருக்கும், போகட்டும் என்று சிஸ்டர் விட்டுவிட்டாள்.

அந்தப் பெண் போகவில்லை. ஜன்னலுக்கு வந்து, என் முறை வந்துடுச்சா சிஸ்டர் என்று கேட்டாள். இல்லை என்றாள் இவள். சற்று நேரத்தில் மறுபடியும் வந்து அதையே கேட்டாள். சிஸ்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"நடந்துதானே வந்தீங்க? உள்ள இருக்கறவங்கள்லாம் உங்களுக்கு மனுஷங்களாத் தெரியலையா? போய் உக்காருங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அதுதான் சிஸ்டரை இன்றுவரை அரிக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய் பெஞ்சின் ஓரத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் தொந்தரவே கொடுக்கவில்லை.

கூட்டம் வடிந்தபின் போய்ப் பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கசிந்து உயிர் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், பாவம் அசந்து தூங்குகிறாள் என்று நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள்.

டாக்டரின் காலடிச் சத்தம் கேட்டது. சிஸ்டர் பச்சையை வெட்டிப் பைக்குள் திணித்தாள். சிவப்பைக் கட்டினாள். பழகிய கை, தானாகவே இரட்டை முடிச்சுப் போட்டது.

"சிவப்பா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆள் அனுப்பினேன் டாக்டர். நீங்க ஆபரேஷன்ல இருந்தீங்க."

யாரோ வந்து ஏதோ சொன்ன மாதிரிதான் இருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை என்று அந்தப் பையன் முகம் வெளிறிச் சொன்னான். நடக்காததை அவனே நம்பிவிட்டான்! அந்தச் சிவப்பு ரிப்பனோடுதான் அவளைப் புதைத்தார்கள். அன்றிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. கத்தி பிடிக்கும் கை நடுங்கியது. வேலையை விட்டு வீட்டுக்கே போகிறேன் என்று பேச ஆரம்பித்தான். அவன் போனால் அத்தனை ஜனத்துக்கும் வேறு டாக்டர் கிடையாது. சிஸ்டர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றதே தவிர, வாய் வரவில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். உச்சி வெயில். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கால் வீங்கிய ஒருவர் நின்றுகொண்டிருக்க, தூணோரம் மட்டும் காலியாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தால் குறைந்தா போவீர்கள் என்று சிஸ்டர் அதட்டினாள். எல்லோரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அங்க ஆள் இருக்காங்களே, சிஸ்டர்."

எழுந்து போனவருக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அந்த இடம் காலி. அதற்கு மறுநாளும். புதிதாக வந்தவர்கள்கூட அங்கே உட்காரவில்லை. வந்து, நின்று, அந்த இடத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு வேறு பக்கம் போனார்கள்.

எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் நின்றுபோனது. மணி மூன்றேகால். சிஸ்டர் ஜன்னலருகே ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கரக்... கரக்...

ஜன்னல் விளிம்பில் எதுவோ மெல்ல விழுந்தது.

சிவப்பு ரிப்பன். வளையமாக. ஈர மண் ஒட்டியிருந்தது.

யாரும் வெட்டவில்லை. யாரும் அவிழ்க்கவில்லை. இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது...

அவள் போட்ட முடிச்சு.

"சிஸ்டர்... என் முறை வந்துடுச்சா?"

ஜன்னலில் யாருமில்லை.

வராந்தாவுக்கு ஓடினாள். தூணோரம் காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், அந்தக் காலியிடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இடிந்ததில் செங்கல் வந்து வயிற்றில் பட்டது என்று காலையில் அம்மாவோடு நடந்து வந்த குழந்தை. கையில் பச்சை.

"இந்த அம்மா அவங்க முறைய எனக்குக் குடுத்துட்டாங்க," என்றாள். உதடு வெளுத்திருந்தது.

சிஸ்டர் அவளை வாரியெடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் ரிப்பனைப் பார்த்தான். பச்சைதானே, பொறுக்கட்டும், இன்றைக்கு என்னால் எதுவும் முடியாது என்று தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்தம்மாவும் பச்சைதான் டாக்டர். செத்தப்புறம் நான்தான் சிவப்ப மாத்திக் கட்டினேன். உங்ககிட்ட யாரும் வந்து சொல்லல. நடந்து வந்தாங்கன்னு நான்தான் திரும்பிப் பாக்காம விட்டேன்."

அவன் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. எழுந்து கை கழுவப் போனான். திரும்பி வந்தபோது கை நடுங்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் கால் வீங்கிய ஆள் அந்தத் தூணோரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

இத்தோடு விட்டது என்றுதான் சிஸ்டரும் நினைத்தாள். மேலிடத்துக்கு விஷயம் போனது. பெரிய மனசு பண்ணி வேலையிலிருந்து நீக்காமல், தொலைவில் வேறொரு முகாமுக்கு அனுப்பினார்கள். பழைய கிடங்கு ஒன்றில் ஆஸ்பத்திரி. வேறு ஜனங்கள். வேறு பெஞ்சு. முதல் நாளே பச்சை கட்டியவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது.

இரண்டு ஆள் இடம்.

கேட்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவரிடம் கேட்டுவிட்டாள்.

"ஒரு அம்மா இருக்காங்களே. பக்கத்துல ஒரு பெரியவர்... மடியில ரேடியோ."

அன்று சாயங்காலம் மருந்து ஏற்றி வந்த டிரைவர் பழைய பள்ளிக்கூடத்து ஆள். ரேடியோ பெரியவர் எங்கே போனார் என்று அவனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அவரா? குண்டு விழுந்த அன்னைக்கே போய்ட்டாரே சிஸ்டர். பள்ளிக்கூட மதிலத் தாண்டல. பின்னாடி புதர்ல செத்துக் கிடந்தாரு. கையில நம்ம பச்ச ரிப்பன்."

இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குப் பச்சை கட்டினோம், அதில் எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள்... சிஸ்டர் விடிய விடிய யோசித்தாள். கணக்கு கிடைக்கவில்லை.

காலையில் வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் மூன்று ஆள் இடம் காலியாக இருந்தது.

மூன்றாவது யார் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.