ஒரு சோடிக் கண்ணி

பெருவிரல் நகத்தால் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போகிறார் றம்ஸான். முப்பத்தாறு, முப்பத்தேழு. பாலத்துப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நகம் நின்றுவிடுகிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து. தொடங்கும் பல் தெரியவேண்டும் என்பதற்காக, மனைவியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து அதில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு பற்கள் என்பது பதினேழு வருடமாகத் தெரிந்த கணக்கு. இருந்தாலும் எண்ணாமல் பூட்டமாட்டார்.

"ஆறு மாசம் சும்மா தொங்கினது. ராவில எறங்கி எங்க போச்சோ, என்னத்தக் கழட்டிக் குடுத்திச்சோ, ஆருக்குத் தெரியும்?" என்பார்.

கிண்ணியாவில் மீன் வியாபாரம் அவருக்கு. கறுப்பு மோட்டார் சைக்கிள், பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் தராசு. குசினிச் சுவரின் வெளிப்பக்கம் ஓர் ஆணி இருக்கிறது. பின்சில்லுக்கு அவரிடம் இரண்டு பற்சக்கரங்கள். ஒன்று ஓடும்போது மற்றது அந்த ஆணியில் தொங்கும். மாரியில் கடல் கலங்கி, மீன் குறைந்து, பெட்டி இலேசாகிவிட்டால் முப்பத்தெட்டுப் பல். கருவாடும் கொஞ்ச மீனுமாக வெருகல் வரைக்கும் போய்வருவார். பங்குனியில் கடல் படுத்ததும் நாற்பத்திரண்டு. நிறைந்த பெட்டியோடு உவர்மலை ஏற்றம் ஏற அது வேண்டும். "பல்லுக் கூடினா இழுவை கூடும், ஓட்டம் குறையும்." அவர் படித்த பொறியியல் அவ்வளவுதான்.

வீட்டில் நாட்காட்டி இருக்கிறது. மனைவி றுக்கியா அதைப் பார்ப்பதில்லை. பெரியது ஆணியில் தொங்கினால் விறகை உள்ளே எடுப்பார். சிறியது தொங்கினால் நெத்தலியை வெயிலில் பரப்புவார்.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு சிறிய சாமான் உண்டு. பெரிய சக்கரத்தைச் சுற்றிவரச் செயின் போதாது. ஒரு சோடிக் கண்ணி சேர்க்கவேண்டும். சிறியதற்கு மாறும்போது அந்தச் சோடியைக் கழற்றி, செப்புக் கம்பியில் கோத்து, அதே ஆணியில் மாட்டிவிடுவார்.

முப்பத்தெட்டை அவர் குறை சொல்லமாட்டார். மூன்றாம் கியரில் எஞ்சின் தாலாட்டுகிற மாதிரி ஓடும். ஆனால் அவருடைய கனவில் ஓடுவது மற்றதுதான். அறக்குளாவும் சூரையும் ஐஸுக்குள் அடுக்கிய எண்பது கிலோப் பெட்டி முதுகில் குளிரும். உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியர் ஒரே குரலில் முழங்கும். கீழே துறைமுகம் வெளுத்துக்கொண்டு வரும். நங்கூரமிட்ட கப்பல் ஒன்று வளைவுக்கு வளைவு இடம் மாறும். உண்மையில் அது அசைவதில்லை, அசைவது தான்தான் என்பது பாதி ஏற்றத்தில் அவருக்கு மறந்துபோகும். "நாப்பத்திரெண்டு போட்டா றோட்டு நம்மளோட நடந்து வரும். முப்பத்தெட்டு போட்டா அது தன்ட பாட்டில ஓடிரும்."

போன மார்கழியில் இடுப்பு நரம்பு பிடித்து விழுந்தார். மூன்று கிழமை படுக்கை. எழுந்து நடந்தார், வியாபாரத்துக்கும் போனார். ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து இறங்கியபோது வலது காலில் செருப்பு இல்லை. அது எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. பிரேக் மிதிக்கிற கால் அது. டொக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டுவிட்டு, இருபது கிலோவுக்கு மேல் தூக்கினால் இந்தக் காலை மறந்துவிடவேண்டியதுதான் என்றார். றுக்கியாவும் பக்கத்தில் இருந்தார். "இனிச் சின்னப் பெட்டிதான்" என்று வரும் வழியில் றம்ஸான் சொன்னார். நாற்பத்திரண்டு ஏறினால் பெட்டி நிறையும், நிறைந்த பெட்டியைத் தூக்கப்போவது அவர்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து, சோறு தின்றுவிட்டு, போனில் வந்திருந்த குரல் பதிவு ஒன்றைக் கேட்டார். உவர்மலையில் அவரிடம் வழக்கமாக மீன் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கமலாதேவி அனுப்பியது. "றம்ஸான், கடல் படுத்திட்டுதாமே. உங்கட சைக்கிள் இன்னும் மாரிக் குரலிலதானோ முனகுது? எப்ப அறக்குளா கொண்டு வாறீங்கள்? இல்லாட்டி நானே வள்ளம் வாங்கட்டோ?" இரண்டு தரம் கேட்டுச் சிரித்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணியிலிருந்து பெரியதை எடுத்தார்.

எண்ணி முடிந்தது. நாற்பத்திரண்டுதான். சில்லைக் கழற்றி, சின்னதை எடுத்து, பெரியதைப் பூட்டி, சில்லை ஏற்றிச் செயினைப் போட்டார். இரண்டு நுனிகளும் பெருவிரல் அகலத்துக்குத் தள்ளி நின்றன. கையை நீட்டினார். ஆணியில் வெறும் செப்புக் கம்பி.

"புள்ள, கண்ணியக் கண்டியா?"

குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த றுக்கியா நிமிரவில்லை. "எந்தக் கண்ணி?"

"கம்பியில கெடந்தது. காகம் கொண்டு போச்சோ?"

"காகமெண்டா கம்பியையும்தான் கொண்டு போயிரிக்கும்."

றம்ஸான் செயினின் இரண்டு நுனிகளையும் இழுத்துப் பார்த்தார். சில்லை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். ஏலாது.

"சந்திக் கடையில விக்கும்" என்றார், செயினிடம் சொல்வதைப்போல.

"விக்கும்" என்றார் றுக்கியா. "செருப்பும் அங்கதான் விக்கும், ரிஸ்னாட வாப்பா."

றம்ஸான் தன் வலது காலைப் பார்த்தார். விரல்களை மடக்க நினைத்தார். பெருவிரல் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியது. மற்றவை மண்ணில் அப்படியே இருந்தன. செயினின் இரு நுனிகளையும் இரண்டு கையிலும் பிடித்தார். அந்த இடைவெளியில் ஏற்றம் முழுவதும் இருந்தது: வளைவுகள், வெளுக்கும் தண்ணீர், கமலாதேவியின் வாசலில் தயாராக நிற்கும் எவர்சில்வர்ச் சட்டி.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஸ்பேனரை எடுத்தார். நாற்பத்திரண்டு இறங்கியது. முப்பத்தெட்டு ஏறியது; செயின் நுனிகள் முட்டிக்கொண்டன. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"ரீச்சர், அறக்குளா வராது. ஏத்தம் ஏறுறதில்ல இனி. மலைக்குக் கீழ வந்து நிக்கன். சின்ன மீன், சூடை இரிக்கி. எறங்கி வாங்க, காலுக்கும் நல்லம்."

பெரியதை ஆணியில் மாட்டினார். பிறகு றுக்கியாவின் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார்.

"தா."

"என்னத்துக்கு?"

"துருப்புடிச்சிரும், புள்ள. தா."

றுக்கியா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு சோடிக் கண்ணி, உடம்புச் சூட்டோடு. றம்ஸான் அதைப் பால் ரின் தகரத்திலிருந்த மண்ணெண்ணெயில் அலசி, ஊதி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அங்குமிங்கும் மடித்துப் பார்த்தார். பத்திரிகைத் துண்டில் சுற்றினார். ஆணியைத் தாண்டி வந்து, அதை றுக்கியாவின் கையிலேயே வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.