நல்ல நிலையில் இருந்த வீடு

கடல் கடந்து தீவுக்கு வந்து, கராச்சர்மாவில் நாங்கள் வாங்கிய வீடு மரக்கால்களின் மேல் நிற்கும் பழைய பலகை வீடு. மேலே துருப்பிடித்த தகரம். மேற்கு மூலை கீழே இறங்கிவிட்டதால், வாசலில் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டால் அடுப்படியில் போய் எடுக்கலாம். அறுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. அதை இடித்துவிட்டுப் புது வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். அரசாங்கம் குடியேறியவர்களுக்குக் கொடுத்திருந்த நிலம் என்பதால், இடிக்கவும் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும்.

என் கணவர் துறைமுகத்தில் எழுத்தர். மனு எழுதுவதென்றால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. ஒரு வாரம் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் எனக்கு வாசித்தும் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"வீடு விழப்போகுதுன்னு எழுதியிருக்கீங்களா?"

"அதை அப்படி நேரடியா எழுதக் கூடாது. மரியாதையா எழுதணும்."

மனு போய்ச் சேர்ந்து, மாசி மாதத்தில், நிலக் கணக்குப் பார்க்கும் பட்வாரி நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. மதுரைப் பக்கத்தில் என்னை வளர்த்த வளர்ப்பு அப்படி: வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து சுண்ணாம்பு அடித்தேன். கரையான் அரித்த ஓட்டையின் மேல் காலண்டரை மாட்டினேன். இவர் தன் பங்குக்கு, அதிகாரி கால் இடறி விழுந்துவிடக் கூடாதே என்று மேற்கு மூலைக்கு இரண்டு முட்டுக் கொடுத்துத் தரையை நிமிர்த்தினார். எதற்காக அவர் வருகிறார் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

பட்வாரி மத்தியான பஸ்ஸில் வந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்செல்லாம் ஹிந்தி. என் கணவர் நில எல்லையைக் காட்ட அவரைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போனார். பட்வாரி முன்னதாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் வாழைக்காய் பஜ்ஜி வைத்தேன். ஒன்றைக் கடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்துவிட்டு, "கைசா ஹை, பெஹன்ஜி?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தி மீன்காரரிடம் கற்றது. பஜ்ஜி எப்படி என்கிறார் போலிருக்கிறது, என் சமையலை என்னையே புகழச் சொல்கிறாரே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பதில் சொன்னேன்.

"அச்சா ஹை. பஹுத் அச்சா ஹை."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இவர் அதை நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

"வீடு நல்ல நிலையில் இருக்கிறது. குடியிருப்பவரே திருப்தி தெரிவித்துள்ளார். புது வீடு அவசியமில்லைன்னு போட்டிருக்கு. நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"

"பஜ்ஜி நல்லாருக்குன்னு சொன்னேன்."

"அவர் வீட்டைப் பத்திக் கேட்டிருக்காரு!"

"அப்போ முட்டுக் கொடுத்து நிமித்தி வச்சது யாரு? நானா?"

மூன்றாம் நாள் அவர் ஆறு பக்கத்துக்கு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். அது முடிவதற்குள் வீடே முடிந்துவிடும் என்று தோன்றியது எனக்கு. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் போனேன். அவளுடைய ஹிந்தியும் என்னுடையதைவிட ஒரு முழம்தான் கூட. "ஹமாரா கர் கிர் ரஹா ஹை," எங்கள் வீடு விழுந்துகொண்டிருக்கிறது, என்று ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸில் அபர்டீன் பஜாரில் இருந்த பட்வாரி ஆபீசுக்குப் போய்ச் சேரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் எத்தனை மேசை, எத்தனை ஆண்கள்! பட்வாரி முன்னால் நின்றபோது வாக்கியத்தின் நடுப்பகுதி காணாமல் போய்விட்டது.

"ஹம் கிர் ரஹா ஹை," என்றேன். நான் விழுந்துகொண்டிருக்கிறேன்.

அவர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொருவர் ஃபைலால் விசிறினார். நான் இல்லை, வீடு என்று கையைச் சாய்த்துக் காட்டிப் புரியவைப்பதற்குள் எனக்கு நிஜமாகவே மயக்கம் வரும்போல் ஆகிவிட்டது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழை தொடங்கட்டும், நானே வந்து பார்க்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது, இவர் ஆறாவது பக்கத்தில் இருந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஆனி மாதம் கொட்டுகிற மழையில் பட்வாரி வந்தார். இந்த முறை முட்டுகளை எடுத்துவிட்டோம், காலண்டரைக் கழற்றிவிட்டோம். பெருக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் இவர் எனக்குத் தெரியாமல் பெருக்கியிருந்தார். வீட்டிலுள்ள அத்தனை பாத்திரமும் ஒழுகலுக்குக் கீழே இருந்ததால் டீ போடக்கூடப் பாத்திரமில்லை. பட்வாரி நாற்காலியை மூன்று இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் இவர் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்து, அவர் தலைக்கும் நோட்டுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"பெஹன்ஜியிடம் இந்தத் தடவை ஒன்றும் கேட்கமாட்டேன், பார்த்ததை எழுதுகிறேன்" என்று பட்வாரி ஹிந்தியில் சொன்னதாக இவர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது தேவைக்கு அதிகமாகவே சந்தோஷப்பட்டார்.

அனுமதி வந்தது. மழை ஓய்ந்ததும் வங்காளி அக்கா வீட்டுக் கொட்டகைக்குக் குடிபோனோம். இடிக்க ராஞ்சிப் பக்கத்துக் கூலியாட்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். தகரமும் பலகையும் முடிந்தன. ஆனால் கால்கள் அசையவில்லை. கரையான் அரித்தது மேல்தோலை மட்டும்தான். உள்ளே படாக் மரம் சிவப்பாக, இரும்பு மாதிரி நின்றது. தோண்டி எடுக்க ஆறு நாள் ஆயிற்று. "இது உங்க ரெண்டு பேரையும்விட அதிக நாள் இருக்கும்" என்றார் அவர்களில் மூத்தவர்.

அதைக் கேட்டதிலிருந்து இவர் முகம் சரியாக இல்லை. பட்வாரி முதலில் எழுதியதில் பாதி உண்மைதானே என்பது அவரை அரித்தது. நல்லவேளை, அதையெல்லாம் எழுதவில்லை. பழைய மரக்கால்களைப் புது வீட்டுக்கே பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மட்டும் ஒரு மனு எழுதினார், எனக்கு வாசித்துக் காட்டாமல். பதில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்சேபணை இல்லை என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை நாளெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார்.

புது வீட்டுக்குக் குடிபோன பிறகு ஒரு வாரம் மழையே இல்லை. இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. காபியைக்கூடக் குடிக்காமல் அறை அறையாகப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"ஒரு சொட்டுகூட இல்ல" என்றார்.

"சரி, காபி ஆறுது" என்றேன்.