பட்டை இடித்த கல்

பேரணாம்பட்டுப் பாதையில் ஏரிக்கரைக்குக் கீழே நிற்கிற கல்லின் காலடியில் போன மாதமும் எவனோ குழி தோண்டியிருக்கிறான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். இதற்கெல்லாம் தோல் ஷாப்பு மேஸ்திரி ஆரோக்கியசாமியின் வாய்தான் காரணம். என் அண்ணி சவுரியம்மாளுக்குப் புதையல்காரி என்று பேர் வைத்தவன் அவன். அவனும் போய்ச் சேர்ந்தான், அவளும் போய்ச் சேர்ந்தாள், அந்தப் பேர் மட்டும் போகவில்லை. அவள் எதைத் தேடினாள் என்று கூடவே அலைந்தவன் நான். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதையல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி அதாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பு இருந்தது. தோல் பதமாக ஆவாரம் பட்டை வேண்டும். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பட்டையை வண்டியில் ஏற்றி வருவது என் வேலை. அதை இடித்துத் தூளாக்குவது பெண்கள் வேலை. அண்ணன் காலராவில் போன பிறகு அண்ணியும் அங்கே சேர்ந்தாள். கொட்டகைக்கு வெளியே தரையில் பதித்த ஒரு பலகைக் கல். அதன் ஒரு பக்கம் உடைந்திருக்கும். அந்த உடைசலின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை ஓங்கி அடிப்பாள். விளிம்பில் அவள் கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம். "இந்தக் கல்லு எனக்குன்னே ஒடஞ்சிருக்கு" என்று சிரிப்பாள்.

முப்பதாம் வருஷத்து மழையில் ஆறு ஷாப்புக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் கல்லுக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தது. திரும்பப் பதிப்பதற்காக ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்கச் சேறு. தூறலில் சேறு கரையக் கரைய முதலில் ஒரு கொண்டை தெரிந்தது, அப்புறம் ஒரு முகம், ஒரு கையில் வில், ஒரு கையில் கத்தி, மார்பில் குத்திய அம்புகள். முழங்காலோடு கல் உடைந்து போயிருந்தது. ஓரத்தில் அவனை அண்ணாந்து பார்க்கிற ஒரு நாயின் தலை. உடம்பு இல்லை.

கொட்டாப்புளி ஓசை நின்றுவிட்டது. நான் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்க்க மறந்து நின்றேன்.

"இருதயம்," என்று என்னைக் கூப்பிட்டாள் அண்ணி, "யாருப்பா இவன்?"

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி?"

"மேல எழுத்து கீது. மூணாங் கிளாஸ் படிச்சேன்னு பீத்திக்குவியே, படியேன்."

குனிந்து பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருந்தது. "இது நான் படிச்ச எழுத்து இல்ல."

மேஸ்திரி வந்து பார்த்தான். "வேலையப் பாருங்க. பழையபடி கவுத்துப் போடுங்கடா" என்றான். முகம் மறுபடி மண்ணுக்குள் போயிற்று. அன்றிலிருந்து அண்ணி அந்தக் கல் முன்னால் உட்காரவில்லை. மூலையில் ஒரு சின்னக் கல்லில் இடித்தாள், கை வலித்தாலும். அவளுக்கு மனசில் ஒன்றே ஒன்றுதான்: அவன் காலும் அந்த நாயின் உடம்பும் எங்கேயோ இருக்கின்றன, அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. எனக்கும் என் மாடுகளுக்கும் அது ஒன்றுதான் ஓய்வு. அதில் மண் விழுந்தது. விடிகாலையில் கூழ்ச் சட்டியோடு வந்து வண்டியில் ஏறிவிடுவாள். போகிற ஊரிலெல்லாம், "படம் போட்ட கல்லு எங்கனா கீதா?" என்று கேட்பாள். யாராவது ஒரு திசையைக் கை காட்டுவார்கள். திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்புவேன்.

அப்படித்தான் ஆம்பூர் துர்க்கத்து மலைக்கோட்டைக்கு ஏறினோம். எத்தனையோ காலமாக அடிவாரத்தில் வண்டி ஓட்டியவன், மேலே போனது அன்றைக்குத்தான். இடிந்த சுவரில் சாய்ந்து பார்த்தால், பாலாறு வெயிலில் காயப் போட்ட வெள்ளைத் துணி போல மணலாய்க் கிடந்தது. நடுவில் ஒரு கோடு தண்ணீர். சென்னை ரயில் எறும்புச் சாரை மாதிரி ஊர்ந்தது. எங்கள் ஷாப்பு ஒரு புகைப் பொட்டு. "இந்த ஊர்லயா நாம கெடந்தோம்?" என்றாள் அண்ணி. கோட்டையைச் சுற்றித் தேடினோம். அங்கே கல் இல்லை.

மலையாம்பட்டுப் பக்கம் ஒரு குகையைக் காட்டினார்கள். உள்ளே போய்க் கண் பழகினதும் அண்ணி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். தலைக்கு மேலே, பாறைக் கூரையில், ஒரு குளம். பச்சை மங்கிய தாமரை இலைகள், செம்மண் நிறத்தில் மொட்டுகள். பாதிக்கு மேல் சாயம் உதிர்ந்திருந்தது, மிச்சம் ஈரமாய் இருப்பது போலவே தெரிந்தது. ஈரம் ஒட்டுகிறதா என்று பார்க்கக் கையைத் தூக்கினேன்.

"தொடாத. கலங்கிடும்" என்றாள். நானும் கையை எடுத்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், கலங்குவதற்கு அது என்ன தண்ணீரா என்று தோன்றியது.

அங்கிருந்து திரும்புகிற வழியில் ஒரு வேலியோரத்தில் நம் ஆள் மாதிரியே ஒருவன் முழுக்கல்லாய் நின்றான். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் சொன்னார்: "அந்தக் காலத்துல மாடுங்கள ஓட்டிக்கினு போவ வந்தவனுங்கள மறிச்சி செத்தவன்மா. செத்த எடத்துலயே கல்லு நட்டுடுவாங்க."

"அப்ப எங்காளும் மாட்டுக்காகச் செத்தவனா?"

"வில்லு கீதா? அப்ப அவனும் அதேதான்."

ஊர் திரும்புகிற வரைக்கும் அண்ணி என் மாடுகளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாராவாரம் அவள் காலில் செம்மண்ணைப் பார்த்து மேஸ்திரி கிளப்பிவிட்டான்: கல்லில் புதையல் குறி இருக்கிறது, அதைத் தேடித்தான் இவள் அலைகிறாள் என்று. "புதையல்காரி, எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை" என்று வழியில் போகிறவனெல்லாம் கேலி பண்ணினான். "எடுத்து வெக்கறேன். ஒரு நாயி ஒடம்பு கெடைக்கும், தின்றியா?" என்பாள்.

கடைசியில் கிடைத்தது பேரணாம்பட்டுப் பாதையில், நான் பட்டை ஏற்றுகிற இடத்தில். ஏரிக்கரைக்குக் கீழே ரத்தினசாமி என்ற குடியானவரின் நிலத்தோரம் ஒரு மொட்டைக் கல். அதன்மேல் ஒரு பசு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எறங்கு" என்றாள்.

"அது மாடு கட்டற கல்லு அண்ணி. நானே எத்தினி தடவ கட்டிக் கீறேன்."

அவள் கேட்கவில்லை. பசுவைத் தட்டி விலக்கிவிட்டுப் புல்லைப் பிடுங்கினாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள். பின்னால் சின்னச் சின்னதாய் மாடுகள். ஓரத்தில் முன்னங்கால் ஊன்றி உட்கார்ந்த ஒரு நாய், தலை இல்லாமல். உடைந்த விளிம்பில் இடது கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாரு இருதயம். அங்க பள்ளம், இங்க மேடு. என் கட்டவெரலுக்குத் தெரியாதா?"

நானும் தொட்டேன். மேடு விரலில் தட்டுப்பட்டது. எந்தக் காலத்திலோ விழுந்தவன்; அவன் காத்த மாடுகளின் வம்சம் இன்னும் அவன் காலில் வந்து கழுத்தைத் தேய்க்கிறது.

"மாட்டுக்காகச் செத்தவன்பா. மாட்டுத் தோலுக்கு அவன் முதுகு மேலயே நான் பட்ட இடிச்சிக் கீறேன்" என்றாள் அண்ணி. அழவில்லை. அந்த நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மேல் பாதியைக் கொண்டுவந்து இந்தக் காலோடு சேர்த்து நிறுத்தலாமா என்று அண்ணி கேட்டதற்கு ரத்தினசாமி, "நட்டா நட்டுக்கோங்க, மாட்டுக்கு நெழலாச்சி" என்று சிரித்தார். சாயபுதான் பிடி கொடுக்கவில்லை. மேஸ்திரியின் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. ஷாப்புக் கல் ஷாப்பிலேயே கிடக்கட்டும் என்றுவிட்டார். வருஷங்கள் ஓடின. பட்டைத் தூசு நெஞ்சில் இறங்கி அண்ணிக்கு ஓயாத இருமல். எழுந்து நடக்க முடிந்த கடைசி நாட்களில் ஒரு நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சாயபு முன்னால் போய் நின்றாள்.

"இன்னாம்மா, கல்ல வெச்சிக் கும்புடப் போறியா?"

"நாங்க மாதா கோயில் ஆளுங்க சாயபு. கும்புட இல்ல, நிக்க வைக்க."

"படுத்தா இன்னா, நின்னா இன்னா? கல்லுதானே?"

"இத்தினி வருசமா அவன் முதுகுல அடிச்சிக் கீறேன். அவன் மூஞ்சி மண்ணுல இருந்திச்சி. எனக்குத் தெரியல. இப்ப தெரியுது சாயபு."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். "மாத்துக் கல்லு?"

"இருதயம் கொண்டாருவான்."

"டேய், கொண்டார்றதுக்கு முன்னால நல்லா திருப்பிப் பாத்துக்கோ. அதுலயும் எவனாவது இருந்தா எனக்குப் பேஜார்" என்றார். அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மாற்றுக் கல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவள் குடிசைக்குப் போனேன். பாயில் கிடந்தாள். கண் மட்டும் தெளிவாக இருந்தது. வண்டியில் கூட வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு ஏத்தறேன் அண்ணி" என்றேன்.

இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள், கல்லின் விளிம்பைப் பிடிக்கிற மாதிரியே.

"வண்டியில கவுத்துப் போட்டு இட்டுக்கினு போவாத, இருதயம். மூஞ்சி மேல பாத்தா மாதிரி வையி. ஆத்தோரமாவே ஓட்டு. பாத்துக்கினே போவட்டும்."