காட்டுக்காரிக்கு ரிலீவர்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. "விளையாட்டுதானே, விடும்மா" என்கிறவர்கள் ஒருமுறை என் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்லட்டும், பார்க்கிறேன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டு ஹாலில், ஞாயிறு மதியங்களில் நடக்கிற விளையாட்டு அது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "குகை வாசல்ல பூதம் நிக்குது, என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்பார். நாம் செய்யப்போவதைச் சொல்லி, இருபது பக்கம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து பூதம் சாகும், அல்லது நாம் சாவோம்.

கதை நடத்துகிறவர் பக்கத்து பிளாக்கில் இருக்கும் இன்ஜினியர் தம்பி. காலேஜில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம். என் வீட்டுக்காரர் மந்திரவாதி. அவரோடு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வாள்வீரன். எனக்கு முதலில் அங்கே டீ போடுகிற வேலைதான். ஒருநாள் ஆள் குறைகிறதென்று, "அண்ணி, நீங்க உக்காருங்களேன்" என்றார் தம்பி. உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. டீயை அவரவர் போட்டுக்கொண்டார்கள்.

என் பாத்திரம் ஒரு காட்டுக்காரி. கையில் வில், இடுப்பில் மூலிகைப் பை. எந்த ராஜாவுக்கும் தலை குனிய மாட்டாள். அவள் சம்மதம் இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க முடியாது. அவளை நான் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். சிரிக்காதீர்கள். வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்பதைத் தவிர வேறெதையும் என்னைக் கேட்டு யாரும் முடிவு செய்ததில்லை. எந்த குவார்ட்டர்ஸுக்கு மாறுவது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாமே முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியாக வரும். அந்த மேசையில் மட்டும்தான் மூன்று ஆண்பிள்ளைகள் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

அதிலும் மண் விழுந்தது. காரணம், ஷிப்ட்.

ஒரு வாரம் இவருக்கு இரண்டாவது ஷிப்ட், மறுவாரம் அண்ணனுக்கு முதல் ஷிப்ட். கதை நகரவே இல்லை. மூன்று வாரமாகப் பூதம் குகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கன்வேயர் அண்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"மைன்ஸ்ல என்னா பண்றோம்? ரிலீவர் வந்தா மெஷின அவங்கிட்ட குடுத்துட்டு வூட்டுக்குப் போறோம். ஆளுதான் மாறும், பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும். இங்கியும் அப்படியே வச்சிக்கலாமே?"

தம்பி துள்ளிக் குதித்தார். "சூப்பர் எக்ஸ்பெரிமென்ட்ணே! உலகத்துல எவனும் இத பண்ணிருக்க மாட்டான்!"

எவனும் ஏன் பண்ணவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா? யோசிக்கவில்லை. வராதவருடைய பாத்திரத்தை வந்தவர் ஆட வேண்டியது. ரிலீவர் செய்தது செய்ததுதான், பிறகு வந்து மாற்றக் கூடாது. இதுதான் சட்டம் என்றார்கள்.

முதலில் கூத்தாகத்தான் இருந்தது. இவர் டியூட்டிக்குப் போன ஞாயிறு, அண்ணன் மந்திரவாதியைக் கையில் எடுத்து, உள்ள மந்திரத்தையெல்லாம் கோழி வாட்டுவதற்குச் செலவழித்துவிட்டார். பதிலுக்கு இவர் வாள்வீரனை ஆற்றில் இறக்கிக் கவசத்தோடு மூழ்கடித்து, பாதி உயிரோடு கரையேற்றினார். "ஷிப்ட்ல நடந்தது, விடுப்பா" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குத்தான் ஷிப்டே கிடையாதே, என் காட்டுக்காரியை யார் தொடப்போகிறார்கள்?

அப்புறம் குறிஞ்சிப்பாடியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போய்க் கூட இருந்தேன். நடுவில் ஒரு ஞாயிறு வந்து போனது.

திரும்பி வந்த பிறகு மேசையில் உட்கார்ந்தேன். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ராஜாவோட கோட்டை. பெரிய விருந்து. எல்லாரும் பட்டு மெத்தையில உக்காந்திருக்கீங்க."

"கோட்டையா? நான் எதுக்குத் தம்பி கோட்டைக்குப் போறேன்? நான் காட்டுலதானே இருந்தேன்?"

தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. காட்டுக்கு அடியில் ஏதோ உலோகம் இருக்கிறதாம். ராஜா காட்டைக் கேட்டானாம். அன்றைக்கு எனக்கு ரிலீவராக உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர். கொடுத்துவிட்டார்! காட்டுக்காரி ராஜாவின் முன்னால் மண்டி போட்டுத் தாரை வார்த்திருக்கிறாள். அதற்கு ஒரு பகடைகூட உருட்டவில்லை. கேட்டீர்களா அநியாயத்தை!

"ஏங்க, யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"நீதான் ஊர்ல இல்லியே. நான்தானே ரிலீவர்."

"போன்ல கேக்கறதுக்கு என்னா?"

ரசப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்க தினமும் போன் போட்ட மனிதர். அதற்கெல்லாம் என் நம்பர் கிடைத்தது.

"தங்கச்சி, ஷிப்ட்ல நடந்தது நடந்ததுதான்" என்று சமாதானத்துக்கு வந்தார் கன்வேயர் அண்ணன். "வெட்டி எடுத்தத திரும்ப ஒட்டவா முடியும்?"

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றேன். அவர் முறுக்குத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வேணும்னா அண்ணிக்குப் புதுசா ஒரு பாத்திரம் போட்டுக்கலாம்..." என்று தம்பி இழுத்தார். புதுசாம்!

என் வீட்டுக்காரருக்கு நான் ஏன் கொதிக்கிறேன் என்பதே பிடிபடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பொறுமையாக, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். "இத பாரும்மா. நாம குடுக்கலன்னாலும் ராஜா எடுத்துக்கத்தான் போறான். குடுத்ததால எல்லாருக்கும் கோட்டையில இடம். எனக்கு அரமணையில மந்திரவாதி வேல, அதுவும் பர்மனென்ட்டு. நல்லதுதானே பண்ணேன்?"

இந்த 'நல்லதுதானே'யை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிது. அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்குச் சுரங்கத்தில் ஒரு வேலை என்றார்கள். ஆண் பிள்ளை கிடையாது, நான் ஒருத்திதான். பி.காம். முடித்தவள், பக்கத்து அறையில் முழுசாக உயிரோடு இருந்தேன். அப்பாவும் இவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசி, வேலையை மருமகன் பேரில் எழுதுவது என்று முடித்து, காபியும் குடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "நல்லதுதானே?" என்றார் அப்பா. தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அதைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த ஞாயிறு மேசையில் தம்பியையும் அண்ணனையும் வைத்துக்கொண்டே இவரைக் கேட்டேன்.

"எங்கப்பா நெலத்துக்கு வந்த வேலையத்தான் நீங்க இத்தினி வருஷமா பாத்துக்கினு இருக்கீங்க. அன்னிக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கல."

அவர் முகம் சுண்டிப்போனது. "அது வேறம்மா" என்றார். "அது குடும்ப விஷயம். இது வெறும் வெளையாட்டு."

"வெளையாட்டுலகூடவா என்னக் கேக்க மாட்டீங்க?" என்றேன்.