ஞானப்பூ அக்காவின் ஜெபத்தில் ஒரு நிறுத்தம்

புதன்கிழமை காலை மணியாச்சி ரயில்வே குடியிருப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஏழு மணிக்கு முன்னால் போன் வந்தால் எனக்குப் பயம். முதலில் என் வீட்டுக்காரரை நினைப்பேன். தண்டவாளத்தில் வேலை பார்க்கிறவர். அடுத்து மகளை நினைப்பேன். அன்று இருவருமே கண் முன்னால் இருந்தார்கள். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், அவள் சீப்போடு தலை பின்னக் காத்திருந்தாள். அப்படியானால் வேறு யார் என்று நான் யோசிப்பதற்குள் ஞானப்பூ அக்காவின் மகள் ஜூலி, "சித்தி, அம்மா போயிட்டாவ" என்று சொல்லிவிட்டாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஜூலி தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்ததாம். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஒரு கெட்ட யோசனை வந்தது. இந்தப் பாலை வைத்து அக்கா நமக்கு என்ன பாடம் சொல்லியிருப்பார் என்று. நம் ஜெபக்கூட்டத்தில் அவரோடு பழகிய உங்களுக்கும் அது தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டியில் நாங்கள் ஒரே வளவில் இருந்தோம். ஆறு வீடுகள், ஒரு குழாய். எட்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற வேலை. எட்டாம் வகுப்புப் படிப்பு. ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேசுகிறவர் அவர்தான். குறிப்பெழுதிக்கொண்டு வர மாட்டார். நேராகக் கூட்டம் நடக்கும் வீட்டு அடுப்படிக்குள் போவார். கையில் கிடைத்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அதை வைத்துத்தான் பேசுவார்.

இதனால் எங்களுக்கு என்ன பாடு தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சனிக்கிழமையே அடுப்படியைக் கழுவ வேண்டும். அஞ்சறைப் பெட்டியைத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டப்பாவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். ஒருமுறை கட்டிலுக்கு அடியில் இருந்தே ஒன்றை எடுத்துவந்து, மறைத்து வைப்பதைப் பற்றிப் பேசினார். அந்த வீடு யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. அவருக்கே தெரியும்.

ஒருநாள் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். அதில் மருந்தே இல்லை. வெறும் குச்சி. "மருந்து ஏறாத குச்சியும் இந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. பத்திக்கிட்டு எரியுத குச்சிக மத்தியில அதுக்கும் ஒரு எடம் குடுத்திருக்காவ" என்றார். சபையில் ஒன்றுக்கும் உதவாதவர் என்று யாரையும் தள்ளக்கூடாது என்பது அன்றைய பாடம். எனக்கு வாய் சும்மா இருக்காது. அது உங்கள் ஆபீசில் சரியாகப் பார்க்காமல் அடைத்ததனால் வந்தது அக்கா என்றேன். எல்லாரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார். இன்னொரு நாள் அவர் வீட்டில் சாம்பார் தீய்ந்த வாசனை வந்தபோது, இதற்கு என்ன வசனம் என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். "அடுப்பைப் பாக்காம வாயடிச்சதுக்கெல்லாம் வசனம் கெடையாது" என்று பதில் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு கூட்டம். ஊருக்கு வெளியே, ரோடு போடாத இடத்தில் ஒரு புது வீடு. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கனத்தது. அந்த வீட்டு அம்மா புதிதாகப் போட்ட தரையைப் பார்த்துப் பார்த்துக் கலங்கி, எல்லாரும் கால் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று வாசலிலேயே நின்றார். ஞானப்பூ அக்கா வாளியையும் செம்பையும் வாங்கினார். தன் காலைக் கழுவவில்லை. குனிந்து ஒவ்வொருவர் காலாகக் கழுவினார். கடைசியில், சுத்தமாக நின்றுகொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவின் காலையும் பிடித்துக் கழுவிவிட்டார். அன்றைக்குப் பாடமே பேசவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு முடித்துவிட்டார். ஒரு குடம் தண்ணீர் போச்சே என்று அந்த அம்மா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் தூக்கமில்லை.

நான் பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். கல்யாணமான நான்கு வருடத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயின. முதலாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பசுவந்தனையில் இருந்த என் அத்தைக்குக்கூட, அதாவது என் மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது, ஏழு மாதம் ஆகும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். விசுவாசிக்குக் கண்ணேறு பயம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு இருந்தது. ஆலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே எனக்கு அது இருந்தது.

ஆனால் குழாயடியில் நான் நிறைகுடத்தைத் தூக்காமல் அரைக்குடமாகப் பிடிப்பதை அக்கா பார்த்துவிட்டார். கேட்கவில்லை. என் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். ஆண்டவரிடம் மட்டும் சொல்லுவேன் என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஐந்தாம் மாதம், எங்கள் வீட்டில் கூட்டம். பசுவந்தனையில் இருந்து அத்தையும் வந்திருந்தார். அக்கா எங்கள் அடுப்படியில் இருந்து இட்லி மாவுப் பாத்திரத்தை மூடியோடு தூக்கிக்கொண்டு வந்தார். மாவு பொங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது, அடிக்கடி திறந்து பார்த்தால் பொங்காது, மூடி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், நம்பிக்கையும் அப்படித்தான் என்று பேசினார். எனக்காகவே பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மனசு கொஞ்சம் அமர்ந்தது. பிறகு கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஜெபத்தில் இறங்கிவிட்டால் அக்காவுக்குச் சுற்றி ஆட்கள் இருப்பதே மறந்துவிடும். நம் கூட்டத்தில் யாருக்குத்தான் அது நடக்கவில்லை? ஆண்டவரிடம் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே சொல்லிவிடுவோம்.

"ஆண்டவரே, இந்த மெர்சி வயித்துல அஞ்சு மாசமா நீர் வச்சிருக்க பிள்ளையைக் காத்துக்கிடும். ரெண்டு தடவை குடுத்து ரெண்டையும் எடுத்துக்கிட்டீரு. இதையாவது விட்டு வையும்."

நான் கண்ணைத் திறந்தேன். அத்தையும் கண்ணைத் திறந்திருந்தார். ஆமென் சொல்லும்வரை நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் எனக்கு உதிரம் பட்டது. டாக்டரம்மா படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். செய்தி கேட்டு அக்கா ஓடிவந்தார். வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தார், விரலெல்லாம் பசை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னேன்.

"மாவை மூடி வைக்கச் சொல்லிட்டு நீங்களே திறந்துட்டீங்க. எம்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது உங்க வாயாலதான். இனிமே எங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாதீங்க."

அக்கா வந்த வழியே போய்விட்டார். அத்தைதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவ கெட்டது ஒண்ணும் சொல்லலையே தாயி. ரெண்டாவதையும் நீ தனியாச் சுமந்திருக்கியேன்னுதான் எனக்கு ஆறல" என்று என் தலையைத் தடவினார். நான் பயந்திருந்த அத்தை அவர். அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு என் வார்த்தையைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் படுக்கையில் கிடந்தவளுக்குப் பயத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கழிவறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சேலையில் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழி போட யாராவது வேண்டியிருந்தது.

அந்த இரண்டரை மாதமும், தினம் காலையில் அக்கா ஆபீசுக்குப் போகும் முன் எங்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். மேலே ஒரு தட்டால் மூடியிருக்கும். கதவைத் தட்ட மாட்டார். அத்தை எடுத்து உள்ளே வைப்பார். குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வராத வாரங்களிலும் அந்தக் குடம் வந்தது. தன் வீட்டுத் தண்ணீருக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் மாதமே வலி கண்டு, ஷீபா பிறந்தாள். ஒரு கைக்குள் அடங்கிவிடுவாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அக்கா வந்து பார்த்தார், கையில் வாங்கினார், உச்சி முகர்ந்தார். ஜெபம் மட்டும் பண்ணவில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணாமல் போன ஞானப்பூ அக்காவை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நிறுத்தம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டத்தின் கடைசி ஜெபத்தில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுவார். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பேருக்குப் போவார். அக்காவுக்கு ஞாபகம் தப்புகிறது என்றீர்கள். அக்கா பிரேக் போட்டுவிட்டார் என்று கேலி செய்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது மறதி இல்லை. அது நான் சொன்ன சொல். நான் சொன்னதை அப்படியே எழுத்துக்கு எழுத்துக் காத்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டு வருடம்.

திருப்பி வாங்க நான் முயற்சி செய்யாமல் இல்லை. மணியாச்சிக்கு வீடு மாறிய பிறகும் ஞாயிறு தவறாமல் ரயிலேறி ஷீபாவோடு வருவேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வண்டியில் நினைப்பேன். திரும்பும் வண்டியில், அடுத்த வாரம் என்று நினைப்பேன். போன வருடம் ஒருமுறை அவர் வீட்டில் இருவரும் தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அக்கா, அன்றைக்கு நான் சொன்னது, என்று ஆரம்பித்தேன். அவர் கீரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூடி வச்ச பானையில என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியும், ஏட்டி. எனக்கு அதைக் கத்துக்குடுக்க ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. கீரையப் பாரு, புழு கெடக்கு."

மன்னித்துவிட்டார் என்று அர்த்தமா, வலிக்கிறது என்று அர்த்தமா? எனக்கு அப்போதும் தெரியவில்லை. தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். புழு இருந்த இலையைத்தான் கிள்ளிப் போட்டேன்.

அடக்கத்தன்று வீட்டில் சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்தில் இருந்து ஒருவர் ஜெபம் பண்ணட்டும் என்றார். நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டீர்கள். அக்காவின் வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணினேன். ஜூலிக்காகப் பண்ணினேன். அக்காவின் பேரைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தேன். சொல்ல வாய் வரவில்லை. நின்றுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வண்டியில் ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது, நான் பேசிய பேச்சு, அக்கா நம் பேரைச் சொல்லாமல் விட்டது. பிள்ளை என்னை வெறுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு அது தெரியும்மா. பெரியம்மா அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டு, என் கையைப் புடிச்சு அழுத்துவாவ. ஒவ்வொரு தடவையும். நீங்க எல்லாரும் கண்ணை மூடியிருப்பீங்க."

கூட்டத்தில் ஷீபாவை எப்போதும் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார். பிள்ளைப் பாசம் என்று நினைத்திருந்தேன். மணியாச்சி வரும்வரை என் மகளின் கையை நான் விடவில்லை.

ஞானப்பூ அக்காவிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிறுத்தம்தான். பயம் போகவில்லை, இன்றும் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நான் நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அடுப்படியில் இருந்து எதை எடுப்பேன் என்று இன்னும் தெரியவில்லை. கடைசி ஜெபத்தில் உங்கள் பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நான் நின்றால், மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.